நோயின் பெயருக்கு முன்னால் ‘தி’ எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புறப் பிள்ளைகளின் ஆய்வேடுகளுக்கு ஆங்கில மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். செம்பனையைத் தாக்கும் அடித்தண்டு அழுகல் நோயைப் பற்றிய முதுகலை ஆய்வேடு ஒன்று இந்த வாரம் வந்தது. ஆய்வு சிறப்பானது. ஆனால் முதல் பக்கத்திலேயே ‘தி பேசல் ஸ்டெம் ராட்’ என்றிருந்தது. இலையில் உள்ள நைட்ரஜனை அளந்த பகுதியிலோ ‘வீ யூஸ்ட் கெல்டால் மெத்தட்’ என்றிருந்தது. வேண்டாத இடத்தில் ‘தி’ (the) உட்கார்ந்திருக்கிறது, வேண்டிய இடத்தில் அதைக் காணவில்லை. எத்தனை ஆய்வேடுகளில்தான் இதையே திருத்துவது?

தமிழிலும் மலாயிலும் ‘தி’ போன்ற சொல் இல்லை. ஆகவே பிள்ளைகளை நான் நோகவில்லை. அவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கும் ஒரு விதிதான் என்னை எரிச்சலூட்டுகிறது. சூரியன் ஒன்றே என்பதால் ‘தி சன்’ என்கிறோம். அதுபோல மலேரியா என்ற நோயும் உலகில் ஒன்றே என்பதால் ‘தி மலேரியா’ என்று எழுத வேண்டுமாம். இது தவறு. மலேரியா, டிங்கி, காசநோய், நீரிழிவு, எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் ஆகியவற்றின் பெயர்களை ஆங்கிலம் எண்ண முடியாத பெயர்ச்சொற்களாகவே நடத்துகிறது. அவை எதுவும் ‘தி’ ஏற்பதில்லை. ஒருவரின் பெயரைத் தாங்கிய பார்கின்சன்ஸ் டிசீஸுக்கும் அது கிடையாது. ‘தி டிங்கி வைரஸ்’ என்று எழுதுகிறோமே என்று உடனே கேட்பார்கள். அந்தத் ‘தி’ டிங்கிக்கு உரியதன்று, வைரஸுக்கு உரியது. ‘தி மலேரியா பாரசைட்’ என்பதிலும் அது ஒட்டுண்ணிக்கே உரியது. தொடரின் முதற்சொல்லைப் பார்க்காமல் கடைசிச் சொல்லைப் பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

விலக்குகளும் உண்டு. ‘தி ஃப்ளூ’, ‘தி பிளேக்’ ஆகியவை வழக்கால் நிலைத்தவை. பக்கவாதமும் மாரடைப்பும் ஒரு முறை நேரும் நிகழ்வுகளாகக் கருதப்படுவதால் ‘எ ஸ்ட்ரோக்’, ‘எ ஹார்ட் அட்டாக்’ என வரும்.

ஆய்வுமுறைகளின் பெயர்களுக்கும் கடைசிச் சொல்லே வழிகாட்டி. மெத்தட், டெஸ்ட் போன்ற எண்ணத்தக்க சொல்லில் முடிந்தால் ‘தி’ தேவை: தி கெல்டால் மெத்தட், தி மான்–விட்னி டெஸ்ட். வெஸ்டர்ன் பிளாட்டிங், கேஸ் குரோமட்டோகிராஃபி போல ஒரு செயல்முறையைக் குறித்தால் தேவையில்லை. பெயர் உடைமை வடிவில் வந்தால் அந்த உடைமையே ‘தி’யின் வேலையைச் செய்துவிடுகிறது, எனவே ஃபிஷர்ஸ் எக்ஸாக்ட் டெஸ்ட், ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட் என்று எழுதினாலே போதும். ஸ்டூடன்ட் என்பது இங்கே மாணவரைக் குறிப்பதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். டப்ளின் நகரின் கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட் 1908இல் அந்தச் சோதனையை வெளியிட்டபோது வைத்துக்கொண்ட புனைபெயர் அது. ஆகவே முதலெழுத்தைச் சிறிய எழுத்தாக்காதீர்கள்.

சுருக்கப் பெயர்களில் எழுத்தை விட்டுவிட்டு ஒலியைக் கேளுங்கள். உயிரொலியில் தொடங்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் ‘ஆன்’ (an) வரும், ‘யு’ என்ற ஒலியில் தொடங்கும் யு.வி. விளக்குக்கு முன் ‘எ’ (a) வரும். பி.சி.ஆர். கொண்டு சோதித்ததாகப் பொதுவாகச் சொல்லும்போது எதுவும் வேண்டாம்.

இனி, தயவுசெய்து செய்யக் கூடாத சில. கணினியின் இலக்கணச் செயலி காட்டும் கோட்டை நம்பி ‘தி’யைச் சேர்க்கவோ நீக்கவோ செய்யாதீர்கள், ஒவ்வொரு முறையும் கடைசிச் சொல்லை நீங்களே பாருங்கள். என் திருத்தங்களைக் கண்டு சினந்து, தேடி மாற்றும் வசதியால் மொத்தத் ‘தி’க்களையும் ஒரே அழுத்தில் அழிக்கவும் வேண்டாம். அப்படிச் செய்த ஒரு மாணவரின் ஆய்வேட்டில் ஆங்கிலத்தில் ‘தி’யின் அதே மூன்று எழுத்துகளில் தொடங்கும் ‘தெரபி’ (therapy) எல்லாம் ‘ரபி’யாகி நின்றது, முதல் பக்கத்திலிருந்து இருவரும் மறுபடி உட்கார வேண்டியதாயிற்று. ஒப்படைக்கும் நாளுக்கு முதல்நாள் இரவு வாட்ஸ்அப்பில் நூற்றைம்பது பக்கங்களை அனுப்பிவிட்டு ‘கொஞ்சம் பார்த்துக்கொடுங்கள் அக்கா’ என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள். எனக்கு இரண்டு வாரமாவது வேண்டும்.