கேட் போட்டிருக்கா? எஸ்.எஸ்.டி.யைக் கேட்காமலே கண்டுபிடிப்பது எப்படி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் ரோடு சுரங்கப்பாதை வருவதற்கு முன்னால் அந்த வழியாகப் போய்வந்தவர்கள் அங்கிருந்த ரயில்வே கேட்டை மறந்திருக்க மாட்டார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடும் நேரம் பார்த்துத்தான் அது விழும். ஆனால் பழகிய ஆட்டோக்காரர்கள் கேட் கண்ணில் படுவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்: "கேட் போட்டுட்டாங்க சார், சுத்திப் போயிடலாம்." ரயில் நேரம் பார்த்தோ ஸ்டேஷனில் விசாரித்தோ சொல்வதில்லை. எதிரே வந்துகொண்டிருந்த வண்டிகள் திடீரென்று நின்றுவிட்டன, அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்த துப்பு.

கம்ப்யூட்டரில் கோப்புகளைச் சேமித்துவைக்கும், சுழலும் வட்டு இல்லாத டிரைவான எஸ்.எஸ்.டி. விஷயத்திலும் இப்படி ஒரு ஊகம் வேலை செய்கிறது. அதற்கு முன், எஸ்.எஸ்.டி.க்குள் ரயில் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

எஸ்.எஸ்.டி.யின் உள்ளே இருப்பது நேண்ட் ஃபிளாஷ். ஜப்பானின் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகாவும் அவரது சகாக்களும் 1987இல் உலகுக்குக் காட்டிய நினைவக வகை. அதற்கு ஒரு பிடிவாத குணம் உண்டு: எழுதிய இடத்தின் மேலேயே திரும்ப எழுத விடாது. முதலில் அழிக்க வேண்டும். அழிப்பதையும் பக்கம் பக்கமாக (எழுதவும் படிக்கவும் உதவும் சிறு துண்டுதான் பக்கம்) செய்ய முடியாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் அடங்கிய ஒரு தொகுதியை மொத்தமாகத்தான் துடைக்க முடியும். அதனால் நீங்கள் ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தால், எஸ்.எஸ்.டி. புதிய வடிவத்தை வேறொரு காலி இடத்தில் எழுதிவிட்டு, பழையதைச் 'செல்லாது' என்று குறித்துவைக்கிறது.

இப்படியே போனால் காலி இடம் தீர்ந்துவிடும் அல்லவா? அதற்காக டிரைவ் அவ்வப்போது வீட்டைப் பெருக்குகிறது. ஒரு தொகுதியில் இன்னும் செல்லுபடியாகும் பக்கங்களை வேறு இடத்துக்கு நகலெடுத்துவிட்டு, அந்தத் தொகுதியைத் துடைத்துக் காலி செய்கிறது. இதற்குப் பெயரே கார்பேஜ் கலெக்‌ஷன், அதாவது குப்பை அள்ளுதல். சிப்பிலிருந்து ஒரு பக்கத்தைப் படிக்க 100 மைக்ரோ விநாடி போதும். ஒரு தொகுதியை அழிக்கச் சில மில்லி விநாடிகள் ஆகும், அதாவது பல பத்து மடங்கு. அழித்துக்கொண்டிருக்கும் சிப்பிடம் அந்த நேரம் பார்த்து நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டால், கேட் திறக்கும்வரை நிற்க வேண்டியதுதான்.

லேப்டாப்பில் இந்தத் தாமதம் நமக்குத் தெரியவே தெரியாது. ஒரே கோரிக்கைக்காக நூறு டிரைவ்களைத் தொடும் பெரிய தரவு மையத்தில் கதை வேறு. ஒன்று தாமதித்தாலும் மற்ற 99உம் அதற்காகக் காத்திருக்கும். சரி, எப்போது குப்பை அள்ளுகிறாய் என்று டிரைவையே கேட்டுவிடலாமே என்றால், வழக்கமான டிரைவ்கள் வாய் திறப்பதில்லை. உள்ளே நடப்பது தயாரிப்பாளரின் ரகசியம்.

2020இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு லின்ஓஎஸ் என்ற பெயரில் ஒரு வழி சொன்னார்கள். ஆட்டோக்காரரின் வழிதான். அவர்கள் லினக்ஸ் இயங்குதளத்துக்குள் வைத்த குட்டி நியூரல் நெட்வொர்க் (உதாரணங்களைப் பார்த்துப் பழகும் நிரல்) மூன்றே விஷயங்களைப் பார்க்கிறது: இப்போது வரிசையில் எத்தனை கோரிக்கைகள் நிற்கின்றன, கடைசியாக முடிந்த நான்கு கோரிக்கைகள் ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுத்தன, அப்போது வரிசை எவ்வளவு நீளம். இந்த எண்களை இலக்கம் இலக்கமாகப் பிரித்து 31 உள்ளீடுகளாக்குகிறார்கள். நடுவில் கணக்குப் போடும் 256 நியூரான்கள். கடைசியில் இரண்டே பதில்: வேகம், மெதுவு. எத்தனை மைக்ரோ விநாடி ஆகும் என்று துல்லியமாகக் கணிக்க அவர்கள் முயலவில்லை. இந்த அடக்கம்தான் எனக்குப் பிடித்த இடம். கேட் எத்தனை நிமிடத்தில் திறக்கும் என்பது ஆட்டோக்காரருக்கும் தேவையில்லை. நேராகப் போவதா, திரும்புவதா என்பதுதான் கேள்வி.

'மெதுவு' என்று பதில் வந்தால், அதே தரவின் நகல் இருக்கும் இன்னொரு டிரைவுக்குக் கோரிக்கை திருப்பிவிடப்படுகிறது. ஒரு கணிப்புக்கு 4 முதல் 6 மைக்ரோ விநாடி செலவு. 87 முதல் 97 சதவீதம் வரை சரியாகச் சொன்னது.

மிச்சமுள்ள தவறுகளும் ஒரே எடையல்ல. திறந்திருக்கும் கேட்டை மூடியிருப்பதாக நினைத்துச் சுற்றிப் போனால் கொஞ்சம் பெட்ரோல் நஷ்டம். மூடிய கேட்டைத் திறந்திருப்பதாக நம்பிப் போய் மாட்டிக்கொண்டால் பஸ்ஸே போய்விடும். அதனால் இரண்டாவது வகைத் தவறுக்குக் கூடுதல் தண்டனை வைத்துத்தான் அந்த நெட்வொர்க்கைப் பழக்கினார்கள்.

இதெல்லாம் சுற்றுவழி இருக்கும் ஊருக்குத்தான். ஒரே டிரைவ் உள்ள உங்கள் லேப்டாப்பில் திரும்பிப் போக வேறு சாலை கிடையாது. அங்கே செய்யக்கூடியது, டிரைவை வாய்வரை நிரப்பாமல் கொஞ்சம் காலியாக விட்டுவைப்பது. காலி இடம் இருந்தால் குப்பை அள்ளும் வேலை குறையும்.

அப்புறம், கேட்டையே எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை கட்டும் யோசனையும் வராமல் இல்லை. அதே 2020இல் வெளியான இசட்.என்.எஸ். (ஜோன்டு நேம்ஸ்பேஸ்) என்ற எஸ்.எஸ்.டி. தரநிலையில், டிரைவ் மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. எந்த மண்டலத்தில் எழுதுவது, எப்போது காலி செய்வது என்பதைக் கம்ப்யூட்டரே தீர்மானிக்கிறது. டிரைவ் தன்னிஷ்டத்துக்குக் குப்பை அள்ளும் வேலை பெருமளவு போய்விடும். ஆனால் அதற்கேற்ப மென்பொருளை மாற்றி எழுத வேண்டும். அதுவரை எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.