கல் பூதத்துக்கு வயதாகுமா?

கிரேக்கப் புராணத்தில் தாலோஸ் என்றொரு வெண்கல அரக்கன், கிரீட் தீவின் காவலன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை அவனுக்கு ஒரே நாளம், அதன் அடியில் ஓர் ஆணி. ஆணியைப் பிடுங்கியதும் உள்ளே ஓடிய திரவம் வடிந்து செத்துப்போகிறான். சாவு வந்தது, சரி. முதுமை வந்ததா?

இரண்டும் சேர்ந்தே வரும் என்று நினைக்கிறோம். இயற்பியலில் அப்படிக் கட்டாயம் இல்லை. கதிரியக்க யுரேனியம்-238இன் அரை ஆயுள், அதாவது ஒரு குவியலில் பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், சுமார் 450 கோடி ஆண்டுகள். பூமி தோன்றியபோதே இருந்த அணுவும் இன்று காலை உருவான அணுவும் நாளைக்குச் சிதைய ஒரே அளவு வாய்ப்புதான். அதற்கு முடிவு உண்டு, மூப்பு கிடையாது.

அப்படியென்றால் மூப்பு எங்கிருந்து வருகிறது? இயந்திரங்கள் எப்போது, எப்படிப் பழுதாகும் என்று கணக்கிடும் பொறியியலின் நம்பகத்தன்மைக் கோட்பாட்டை உயிரியலுக்குக் கொண்டுவந்த லியோனிட் கவ்ரிலோவும் நடாலியா கவ்ரிலோவாவும் சொன்ன விடை என்னை இன்றும் வியக்க வைக்கிறது: உதிரிகள் இருப்பதால்தான்!

ஒரே ஒரு இதயக்கல்லால் இயங்கும் பூதத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் கல் எந்த நாளும் உடையலாம், வாய்ப்பு மாறாது. பூதம் நேற்றுப் பிறந்ததா, ஆயிரம் ஆண்டுப் பழையதா என்பது பொருட்டே இல்லை. ஒற்றை நாளத்துத் தாலோஸும் இந்த வகைதான். இப்போது பூதத்துக்குப் பத்துக் கல் கொடுங்கள். ஒன்று மிஞ்சினாலும் உயிர் நிற்கும் என்று வையுங்கள். முதலில் ஒன்றிரண்டு உடைந்தால் வெளியே தெரியவே தெரியாது. அப்புறம் உதிரி தீரத்தீர ஆபத்து ஏறும். எந்தக் கல்லும் பழசாகவில்லை, ஆனால் பூதம் கிழடாகிவிட்டது. நம் சிறுநீரகமும் இதே கணக்குதான்: ஒவ்வொன்றிலும் இரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் என்ற நுண்ணுறுப்புகள் சுமார் 10 லட்சம், பிறந்த பிறகு புதிதாக ஒன்றும் முளைப்பதில்லை.

நிஜத்தில் பாகங்களும் தேய்கின்றன. கிரானைட் பாறையில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை, கரியமில வாயு கரைந்த மழைநீர் மெல்லக் களிமண்ணாக்கும். மடங்கி மடங்கி நிமிரும் உலோகத்தில் நுண்விரிசல் நீளும். 1954இல் காமெட் பயணிகள் விமானங்கள் நடுவானில் சிதறியது இந்த உலோகச் சோர்வால்தான். சிப்புக்குள் பாயும் எலக்ட்ரான்களே நுண்கம்பியின் அணுக்களைத் தள்ளிக்கொண்டுபோய்க் கடைசியில் அதை அறுத்துவிடும்.

ரோபோவுக்குப் பழுதான பாகத்தை மாற்றிக்கொண்டே இருக்கலாமே என்று கேட்கலாம். தாராளமாக மாற்றலாம், அதன் இளமையும் திரும்பும். நினைவை மட்டும் அப்படி மாற்ற முடியாது. மாற்றினால் அது வேறொரு ரோபோ. அதனால் மின்சாரம் நின்ற ரோபோ செத்துவிட்டதாக எழுதும் கதைகளை என்னால் ஏற்க முடியவில்லை. நினைவகம் கெடாதவரை அது மறுபடி எழும். பென் டிரைவில் இருப்பது போன்ற ஃபிளாஷ் நினைவகத்தில் தகவல் என்பது அடைபட்ட எலக்ட்ரான்கள். மின்சாரமின்றி வருடக்கணக்கில் கிடந்தால் அவை கசியும். சில பிட்டுகள் (0 அல்லது 1 என்ற தகவல் துணுக்குகள்) புரண்டாலும் பிழைதிருத்தும் குறியீடு மீட்டுவிடும். அந்தக் குறியீடும் கூடுதலாகச் சேர்த்து வைத்த உதிரி பிட்டுகள்தான். பிரதி எடுத்து வைக்காத ரோபோ சாவது, அந்த உதிரியாலும் ஈடுகட்ட முடியாத அளவுக்குப் பிட்டுகள் புரளும் நாளில்.