அப்லேஷன்: நீக்கமா, அழிப்பா?

இலத்தீனில் 'ஔஃபெர்ரே' என்றால் எடுத்துக்கொண்டு போதல். அதன் எச்ச வடிவம் 'அப்லாட்டுஸ்'. அதிலிருந்து வந்தது அப்லேஷன்; கட்டியை உடலுக்குள்ளேயே சுட்டோ உறையவைத்தோ சாகடிக்கும் சிகிச்சையின் பெயர். ஐந்தாம் வேற்றுமையை ஆங்கில இலக்கணத்தார் 'அப்லேட்டிவ்' என்பதும் இந்த வேரால்தான். 'மலையின் வீழருவி' என்பதில் உள்ள நீங்கல் பொருளே அது. ஆகவே 'நீக்கம்' என்று பெயர்த்தவர்கள் சொல்லுக்குத் துரோகம் செய்யவில்லை. ஆனால் கல்லீரல் புற்றுநோய்ச் சிகிச்சையில் அந்தப் பெயர் நோயாளியைத் தடுமாற வைக்கிறது.

இங்கே எதுவும் வெளியே வருவதில்லை. அல்ட்ராசவுண்டிலோ சிடியிலோ பார்த்தபடி, தோல் வழியே ஊசி போன்ற முனையைக் கட்டிக்குள் செலுத்தி, ரேடியோ அலையாலோ மைக்ரோவேவாலோ சூடேற்றுகிறார்கள். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புரதம் உறைந்து செல் உடனே சாகிறது. ரேடியோ அலை முறையில் 100-ஐத் தாண்டவிட்டால் திசு கருகி, மின்சாரம் மேலே பரவாது. 3 மி.மீ.க்கு மேல் தடித்த ரத்தக்குழாய் பக்கத்தில் ஓடினால், ரத்தமே சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். அந்த ஓரத்தில் கட்டி மிச்சம் நிற்கலாம்.

செத்த திசு உள்ளேயே கிடந்து, மாதக்கணக்கில் சுருங்கித் தழும்பாகும். சுற்றியுள்ள திசுவையும் 5 முதல் 10 மி.மீ. வரை சேர்த்துச் சுடுவதால், முதல் மாத சிடியில் கட்டியைவிடப் பெரிய கறுப்பு வட்டம் தெரியும். 'நீக்கிவிட்டோம்' என்று கேட்டவர் அதைப் பார்த்து, நோய் வளர்ந்துவிட்டதென்று பதறுவார். 'அழிப்பு' என்பதே சரி: சூட்டால் செய்வது வெப்ப அழிப்பு, உறையவைத்துச் செய்வது உறை அழிப்பு.

இவ்வளவு சுட்டால் கல்லீரல் தாங்குமா? 2 செ.மீ. கட்டியை 1 செ.மீ. விளிம்போடு சுட்டால் 4 செ.மீ. உருண்டை, ஏறத்தாழ 34 மி.லி. பெரியவர்களின் கல்லீரல் 1,200 முதல் 1,500 மி.லி. வரை இருக்கும். போவது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. பித்தநாளம் சுடுபட்டுக் குறுகினால் மட்டும் கதை வேறு. காமாலை பின்னால் வரும்.

ஆண்டுகள் கழித்து, காமாலையைத் தரும் மஞ்சள் நிறமியான பிலிருபின் ஏறி, கல்லீரல் செய்யும் புரதமான ஆல்புமின் இறங்கி, வயிற்றில் நீர் கோத்தால், பெரும்பாலும் காரணம் கட்டிக்கு முன்பே இருந்த சிரோசிஸ்தான், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய். ஹெபடைடிஸ் பி மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் மதுவைத் தொடர்வதும் அதை முடுக்கும்.

'லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்' என்ற பெயரும் இப்படித்தான் ஏமாற்றும். அதில் வரும் ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற நொதிகள் காட்டுவது கல்லீரல் செல்லின் காயத்தை; சுட்டவுடன் ஏறி, ஓரிரு வாரத்தில் இறங்கிவிடும். செயல்திறனைச் சொல்வது சைல்ட்-பியூ மதிப்பெண்: பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்று நீர், மனக்குழப்பம் என ஐந்துக்கும் சேர்த்து 5 முதல் 15 வரை; கூடக்கூட மோசம். சிகிச்சைக்கு முன் 5 இருந்தது பின்னால் 7 ஆனால், ஏஎல்டி சரியாக இருந்தாலும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.