தூக்கக் கலக்கத்தில் சொன்ன ‘சரி’

துவைக்கிற நேரம் மிச்சமாகும் என்றுதான் வாஷிங் மெஷின் வாங்கினோம். மிச்சமானதும் உண்மைதான். ஆனால் முன்பு இரண்டு நாள் போட்ட சட்டையை இப்போது ஒரே நாளில் அழுக்குக் கூடையில் போட்டுவிடுகிறோம். துணி பெருகிவிட்டது, மிச்சமான நேரம் போன இடம் தெரியவில்லை.

இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார், ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஹார்ட்மூட் ரோசா. வேலை முடிகிற வேகத்தைவிட வேலையின் அளவு அதிகமாகக் கூடினால் நேரப் பஞ்சம்தான் மிஞ்சும். 2005இல் வந்த நூலில் அவர் மூன்று வேகங்களைப் பிரித்துக் காட்டினார்: கருவிகளின் வேகம், சமூக மாற்றத்தின் வேகம், அன்றாட வாழ்க்கையின் வேகம். ஒன்று மற்றொன்றைத் தள்ளிக்கொண்டே போகும். பின்தங்கிவிடக் கூடாதென்று புதுக் கருவி வாங்குகிறோம். அது வந்ததும் எல்லோருடைய ஓட்டமும் இன்னும் கூடுகிறது.

சரி, இதில் அரசியல் எங்கே வருகிறது? எல்லாச் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றாது என்கிற இடத்தில். பங்குச் சந்தையில் கணினிகள் கண் இமைப்பதற்குள் வாங்கி விற்றுவிடும். நாடாளுமன்றம் அப்படியா? மசோதாவைப் படிக்க வேண்டும், எதிர்க்கட்சி பேச வேண்டும், தொகுதிக்காரர்கள் போன் போட்டுத் திட்ட வேண்டும். இந்த இரண்டு கடிகாரங்களும் மோதும்போது, யாரும் பறிக்காமலேயே அதிகாரம் இடம் மாறுகிறது. சட்டென்று முடிவெடுக்க முடிந்த நாலைந்து பேர் கைக்கு அது போய்விடுகிறது.

2008 செப்டம்பர் 29 இரவு, டப்ளின். அயர்லாந்து வங்கிகளில் பணம் வற்றிக்கொண்டிருந்தது. பிரதமரும் நிதியமைச்சரும் அதிகாரிகளோடு நள்ளிரவு தாண்டியும் பேசிக்கொண்டிருந்தார்கள். காலையில் சந்தை திறந்துவிடும். அதற்குள் ஏதாவது அறிவித்தாக வேண்டும். மற்ற அமைச்சர்களை வீட்டில் தூக்கத்திலிருந்து எழுப்பி, போனிலேயே சம்மதம் வாங்கினார்கள். பொழுது விடிந்தபோது 6 வங்கிகளின் வைப்புகளுக்கும் கடன்களுக்கும் அரசு ஜாமீன் நின்றிருந்தது. தொகை சுமார் 44,000 கோடி யூரோ. அதற்கான சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்ததே அப்புறம்தான். 2010 நவம்பரில் அயர்லாந்தே கடனுதவி கேட்டு ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நாணய நிதியத்திடமும் போய் நின்றது.

அதே செப்டம்பர் 29 அன்று வாஷிங்டனில் நடந்தது வேறு. 70,000 கோடி டாலர் வங்கி மீட்பு மசோதாவை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை 228–205 என்று தோற்கடித்தது. அமெரிக்கப் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு அன்று 777 புள்ளி சரிந்தது. சந்தை காட்டிய கோபம் அது. அக்டோபர் 3 அன்று சபை பணிந்தது, மசோதா நிறைவேறியது.

நாடாளுமன்றம் என்றாலே தாமதம் என்று அலுத்துக்கொள்கிறவர்கள், இந்த மசோதாவுக்கு அமெரிக்க நிதியமைச்சகம் முதலில் கொடுத்த வரைவைப் பார்க்க வேண்டும். மொத்தமே 3 பக்கம். அமைச்சரின் முடிவுகளை எந்த நீதிமன்றமும் ஆராயக் கூடாது என்று அதில் ஒரு விதி இருந்தது. இழுபறியாகப் போன அந்த இரண்டு வாரத்தில்தான் அது நீங்கி, நீதிமன்ற ஆய்வும் கண்காணிப்பு அதிகாரியும் உள்ளே வந்தன. சொல்லாமல் விடக் கூடாது, கடைசி நாட்களில் சிறுவர்கள் விளையாடும் மர அம்புகளுக்கு ஒரு வரிவிலக்கும் கூடவே நுழைந்துவிட்டது.