நோட்டில் நாலு வரி இல்லையே என்று கவலைப்படும் பெற்றோருக்கு: எண்ணும் எழுத்தும் திட்டம்

பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். "அண்ணா, பாப்பா ரெண்டாவது படிக்குது. பையைத் திறந்தா நோட்டுல நாலு வரி இல்லை. என்னம்மா பண்ணீங்கன்னு கேட்டா, பொம்மையை வச்சு கதை சொன்னோம்ங்குது. பேசாம ஆந்திரா பக்கம் நகரியில இங்கிலீஷ் மீடியத்துல போட்டுடவா?" என்றான்.

பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் இதே கேள்வியைப் பல வீடுகளில் கேட்டுவிட்டேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருப்பதால் என்னிடம் வருகிறார்கள். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

பாப்பா பொம்மையை வைத்துக் கதை சொன்னது டீச்சர் நேரம் போக்கியதால் அல்ல. அது 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் பாடம். கொரோனா காலத்தில் பள்ளிகள் பூட்டிக் கிடந்ததால் எழுத்துக் கூட்டத் தெரியாமலே மேல்வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்காகத் தமிழ்நாடு அரசு கொண்டு வந்த திட்டம் இது. தொடங்கிய இடமும் நம் மாவட்டம்தான். 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து படிக்கவும், அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அன்று வைத்த இலக்கு. முதலில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை. 2023-24 முதல் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் வந்தது. அரசுப் பள்ளியில் சேர்ந்திருந்தால் போதும், தனியாக மனுவோ கட்டணமோ கிடையாது.

வகுப்பில் என்ன நடக்கிறது? பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று ஆரம்பத்தில் பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் ஒன்றில் வைப்பார்கள். எழுத்தே இனிமேல்தான் பழக வேண்டும் என்றால் அரும்பு. கதையைத் தானே படித்துக் கேள்விக்குப் பதில் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டால் மலர். மொட்டு நடுவில். அதனால் ஒரே பெஞ்சில் இருக்கும் மூன்று பிள்ளைகள் பயிற்சி நூலில் மூன்று வேறு பக்கங்களைச் செய்துகொண்டிருக்கலாம். "அவன் புஸ்தகத்துல இருக்கிறது இவளுக்கு ஏன் இல்லை?" என்று சண்டைக்குப் போக வேண்டாம். வகுப்பறைக்குள் கதைக்களம், பாடல்களம், படைப்புக்களம் என்று மூலைக்கு ஒரு பெயர் இருக்கும். படித்ததை டீச்சர் அவ்வப்போது சோதித்துப் பதிவு செய்வார்.

இனி எங்கள் ஊர் வகுப்பறையில் நான் பார்த்தது. புளியங்கொட்டையைத் தரையில் கொட்டி எண்ணச் சொன்னார் டீச்சர். ஒரு பையன் "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு" என்று ஆரம்பித்தான். வீட்டில் தெலுங்கு. டீச்சர் அதட்டவில்லை. பக்கத்தில் இருந்த பெண் குழந்தையைத் தமிழில் எண்ணச் சொன்னார். இருவரும் சேர்ந்து எண்ணும்போது 'ரெண்டு' வந்ததும் இரண்டு குரலும் ஒன்றாக விழுந்தது. வகுப்பே சிரித்தது. மூன்றாவது முறை அந்தப் பையனும் தமிழில் எண்ணினான். 1960 ஏப்ரலில் எல்லை மாறும் வரை ஆந்திரத்தில் இருந்த பகுதி இது. பாதி வீட்டில் இரண்டு பாஷை. இங்கே டீச்சர் அதட்டியிருந்தால் அந்தப் பையன் அதன்பிறகு வாயே திறந்திருக்க மாட்டான்.

இன்னொரு நாள் கணக்கில் 'அமைப்புகள்' பாடம். ஒரு நெசவாளி வீட்டுப் பெண் சேலைக் கரைத் துண்டு ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். ஒரு சிவப்பு, இரண்டு மஞ்சள், மறுபடி ஒரு சிவப்பு. அடுத்து என்ன வரும் என்று அவள் கேட்க, மற்றவர்கள் சொல்ல வேண்டும். ஒருவன் தப்பாகச் சொன்னதும் "அப்படி நெய்ஞ்சா எங்கப்பா திட்டும்" என்றாள். நாலு பேர் முன்னால் பேசுவது, கேள்வி கேட்பது, தப்பு வந்தால் ஏன் தப்பு என்று விளக்குவது எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் நடந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் பத்து வாழ்க்கைத் திறன்களைச் சொல்கிறது. சிக்கலைத் தீர்ப்பது, முடிவெடுப்பது, அடுத்தவர் நிலையை உணர்வது, கோபத்தையும் பதற்றத்தையும் கையாள்வது எல்லாம் அதில் வரும். இவற்றை நோட்டில் எழுத வைத்துக் கற்றுக்கொடுக்க முடியாது. கடை வைத்து விளையாடும்போது சில்லறை சரியாகக் கொடுக்காதவனிடம் சண்டை போடாமல் திரும்பக் கேட்டு வாங்குகிறதே ஒரு குழந்தை, அப்படித்தான் வரும்.

சரி, இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 29ஆம் பிரிவு, செயல்பாடு, கண்டறிதல், ஆராய்தல் மூலம் குழந்தைக்கு ஏற்ற முறையில் கற்பிக்க வேண்டும் என்கிறது. குழந்தை பயமும் பதற்றமும் இல்லாமல் தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும், முடிந்த அளவு தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. மீறும் ஆசிரியர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம். 1 முதல் 5 வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம். விளையாட்டு மைதானம், விளையாட்டுப் பொருள், நூலகம் ஆகியவையும் சட்டத்தின் அட்டவணையில் உள்ளன.

இது மத்தியச் சட்டம். ஆகவே எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலும் புத்தூரிலும் இதே சட்டம்தான். வேன் அனுப்பும் தனியார் பள்ளியில் அடித்தாலும் குற்றம்தான். வீட்டுப்பாடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. "ஹோம்வொர்க்கே குடுக்கறதில்லை" என்று டீச்சரைக் குறை சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

இப்படிச் சொல்வதால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம் இல்லை. பாட்டும் பொம்மையும் மட்டும் இருந்து, பிள்ளை ஒரு வருஷமாக அரும்பிலேயே நின்றால் அது விளையாட்டுவழிக் கல்வி ஆகாது, வெறும் விளையாட்டு. ஒரு பள்ளியில், பேர் வேண்டாம், பிள்ளைகளே ஒருவரை ஒருவர் "போடா அரும்பு" என்று கேலி செய்ததைக் கேட்டேன். நிலைகள் டீச்சரின் வசதிக்கு. அதைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிட்டால் திட்டத்தின் நோக்கமே கெட்டது. டீச்சர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: சோதித்த விவரத்தைச் செல்போனில் பதிவேற்றவே பாதி நேரம் போகிறது என்கிறார்கள். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் அது உண்மையாகவே சுமைதான்.

அதனால் தம்பிக்குச் சொன்னேன்: நோட்டைப் பார்க்காதே, பயிற்சி நூலைப் பார். பருவத்துக்கு ஒன்று தருவார்கள். அதில் பாப்பா எந்த நிலைப் பக்கங்களைச் செய்கிறாள், போன பருவத்தைவிட ஏறியிருக்கிறாளா என்று டீச்சரிடம் கேள். வீட்டில் ஒரு நாள் பஸ் டிக்கெட்டையோ மளிகைச் சீட்டையோ கொடுத்துப் படிக்கச் சொல். பழகாத காகிதத்தைப் படித்தால் உண்மையில் வந்துவிட்டது என்று அர்த்தம். புத்தகப் பக்கத்தை மனப்பாடமாகக்கூட ஒப்பித்துவிடும்.

ஏறவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்பலாம். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்துக்கு அம்மாக்கள் வந்தால் பேச்சு வேறு மாதிரி போகிறது, இது என் அனுபவம். அங்கே தீராததற்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது. அடித்தார்கள், மிரட்டினார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

அப்புறம் ஒன்று. தறி வேலைக்காக எல்லை தாண்டி இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று குடிபெயரும் குடும்பங்கள் நம்மிடம் நிறைய. மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று பிள்ளையை வீட்டில் உட்கார வைக்கிறார்கள். கேட்டவுடன் சான்றிதழ் தர வேண்டும், அது வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளையை முதலில் பள்ளிக்கு அனுப்புங்கள், காகிதம் பின்னால் வரட்டும். பழைய பயிற்சி நூலைத் தூக்கிப் போடாமல் கூடவே கொடுத்தனுப்புங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் வந்து சேர்கிறபோது, நூலில் எந்தப் பக்கம் வரை பிள்ளை முடித்திருக்கிறது என்று புது டீச்சருக்கு உடனே தெரிந்துவிடும்.