காலிபரேஷன்: திருத்தமா, ஒப்பீடா?

காலிபரேஷன் என்றாலே திருகாணியைத் திருப்பிச் சரிசெய்வது என்று பலரும் நினைக்கிறார்கள். சொல்லுக்கு அந்தப் பொருள் கிடையாது. தெரிந்த ஓர் அளவைக் கருவிக்குக் கொடுத்து, அது காட்டுவதோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை எழுதிவைப்பதுதான் காலிபரேஷன். வேறுபாட்டைக் குறைக்கக் கருவியில் கைவைப்பது அட்ஜஸ்ட்மென்ட். இரண்டையும் குழப்பக் கூடாது என்றே பன்னாட்டு அளவியல் சொற்றொகுதியும் சொல்கிறது.

வேர்ச்சொல் அரபு ‘காலிப்’. பொருள், வார்ப்பு அச்சு. செருப்புத் தைப்பவர்களின் மரக்கால் அச்சைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்பர். இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ‘காலிபர்’ ஆகித் துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறித்தது. அந்த விட்டத்தை அளந்தறிவதுதான் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் காலிபரேட் ஆனது. ஆக, வேரிலும் அளத்தல்தான் உண்டு, திருத்தல் இல்லை.

தமிழில் பெரிதும் வழங்கும் ‘அளவுத்திருத்தம்’ இதனால்தான் இடறுகிறது. ‘அளவொப்பீடு’ பொருந்தும், ‘திருத்தம்’ அட்ஜஸ்ட்மென்டுக்கு இருக்கட்டும்.

வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாகச் சொல்லும் பொசிஷன் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிப் பெஞ்சில் (பட்டறை மேசையில்) சோதிக்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். கழற்றுமுன் கட்டுப்பாட்டு அறையில் சொல்லி லூப்பை (அந்த வால்வின் கட்டுப்பாட்டுச் சுற்றை) மேனுவலுக்கு மாற்றுங்கள். அந்த சிக்னலை நம்பி இன்டர்லாக் (ஆபத்தில் தானே இயங்கும் பாதுகாப்பு ஏற்பாடு) இருந்தால், அதைத் தற்காலிகமாக விலக்கிவைக்க முறைப்படி பைபாஸ் அனுமதி வாங்குங்கள். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டு, அட்டை போட்டு, ஆக்சுவேட்டரின் (வால்வைக் காற்றழுத்தத்தால் நகர்த்தும் பகுதியின்) காற்றை வெளியேற்றுங்கள். காற்று போனதும் ஸ்பிரிங் தண்டைத் தள்ளும், விரல் அங்கே இருக்கக் கூடாது. வெடிவாயு உள்ள பகுதியில் மின்சாரம் இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம்.

பெஞ்சில் 24 வோல்ட் டிசி சப்ளை, டிரான்ஸ்மிட்டர், மில்லி ஆம்பியர் மீட்டர் மூன்றும் தொடராக இணைய வேண்டும். மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்துச் சப்ளையின் இரு முனைகளில் நேரே தொட்டால் உள்ளே ஃபியூஸ் போய்விடும். சூடாகச் சிறிது நேரம் விட்டு, 40 மி.மீ. ஸ்ட்ரோக் (தண்டு நகரும் முழுத் தூரம்) என்றால் 0, 10, 20, 30, 40 மி.மீ. நகர்த்துங்கள். 4, 8, 12, 16, 20 மில்லி ஆம்பியர் வர வேண்டும். அதே புள்ளிகளில் இறங்குமுகமாகவும் எடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அளவு மாறினால், முதலில் கப்ளிங்கின் (இணைப்பின்) திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிழையை 16 மில்லி ஆம்பியர் ஸ்பானுக்கு (4 முதல் 20 வரையிலான வீச்சுக்கு) விழுக்காடாகக் கணக்கிட வேண்டும். நடுப்புள்ளியில் 12.10 வந்தால் பிழை 0.625%, ±0.5% தான் அனுமதி என்றால் இது தேறாது. இந்த அளவுகளை எழுதிய பிறகே ஜீரோ (தொடக்கப்புள்ளி), ஸ்பான் திருத்தங்களைத் தொட வேண்டும். பழைய வகைகளில் ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும். இரண்டு மூன்று சுற்று பிடிக்கும்.

திருத்தியும் அடங்காத பிழைகள் உண்டு. இரு முனைகளும் சரியாக இருந்து நடுவில் மட்டும் விலகினால், 50% நிலையில் லிவர் (தண்டின் நகர்வைக் கருவிக்குக் கடத்தும் நெம்புகோல்) தண்டுக்குச் செங்குத்தாக இல்லை என்று சந்தேகப்படலாம். அதைப் பெஞ்சில் அல்ல, வால்வில் பொருத்தும்போதுதான் சரிசெய்ய முடியும். பெஞ்சில் 20 வந்த கருவி வால்வில் 17ஐத் தாண்டவில்லையா? லூப்பின் மின்தடையைப் பாருங்கள். கருவிக்குக் குறைந்தது 12 வோல்ட் வேண்டுமென்றால், மீதி 12 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியருக்கு 600 ஓம் வரைதான் தாங்கும். 700 ஓம் ஆனால் 17 அருகில் நின்றுவிடும். அங்கே ஸ்பானை ஏற்றுவது வீண்.

திருத்துமுன் இருந்த அளவுகளை எழுதும், பதிவுத்தாளின் ‘ஆஸ் ஃபவுண்ட்’ கட்டத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கண்டபடி’ என்றாகிவிடும். தாளைப் பார்ப்பவர் வேறு அர்த்தம் கொள்வார். ‘திருத்துமுன்’, ‘திருத்தியபின்’ என்று இரு கட்டங்கள் போதும். திருத்தமே செய்யாதபோது இரண்டிலும் ஒரே அளவுதான் வரும்; அதுவும் முழுமையான காலிபரேஷன்தான்.