எலுமிச்சம்பழம் நசுங்குமுன்னே மூன்று டன் கடன்

நெய்வேலியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்க ஊர் பழுப்பு நிலக்கரியில எடுக்கிற கரண்ட்ல ஓடுற காரைப் பசுமைன்னு சொல்றது ஏமாத்து வேலை இல்லையா சார்?" கூடவே ஒரு வாட்ஸப் ஃபார்வர்டு. பெட்ரோல் காரை எட்டு வருஷம் ஓட்டினால் வரும் புகை, மின்சார காரின் பேட்டரியைச் செய்யும்போதே வந்துவிடுகிறதாம்.

கேள்வி நியாயமானது. ஃபார்வர்டுதான் ஊசிப்போனது.

பெட்ரோல் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. முக்கால் கிலோ எடைகூட இல்லாத பெட்ரோலிலிருந்து இத்தனை கிலோ எப்படி என்றால், மீதி எடை காற்றிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் ஆக்சிஜன். கச்சா எண்ணெயைத் தோண்டுவது, கப்பலில் கொண்டுவருவது, சுத்திகரிப்பது எல்லாம் சேர்த்தால் லிட்டருக்கு 2.8 கிலோ என்று வைக்கலாம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற கார் என்றால் கிலோமீட்டருக்குச் சுமார் 185 கிராம்.

மின்சார கார் கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் குடிக்கும். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு வெளிவருகிறது. கம்பியில் தொலைந்துபோவதையும் சேர்த்தால் வீட்டு பிளக்குக்கு வரும்போது 0.85. ஆக, கிலோமீட்டருக்குச் சுமார் 130 கிராம். லாபம் 55 கிராம்.

ஆனால் புது வண்டிக்குப் பூஜை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோமே, அதற்கு முன்பே அந்தக் கார் கடன்காரன். 40 யூனிட் பிடிக்கும் பேட்டரி செய்ய ஏறக்குறைய மூன்று டன் கரியமில வாயு ஆகிறது. (திருஷ்டி போவதற்கு எலுமிச்சை உதவுமா என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடனுக்கு உதவாது.)

எனக்குப் பிடித்த பகுதிக்கு இப்போதுதான் வருகிறேன். பேட்டரி செய்வது பாதி வடாம் போடுகிற வேலை. லித்தியம் சேர்மப் பொடியைக் கரைப்பானில் கலந்து கூழாக்கி, அலுமினியத் தாளில் சீராகப் பூசி, நீளமான அடுப்புக்குள் ஓடவிட்டுக் காயவைப்பார்கள். மொட்டைமாடி வடாமுக்கு மழைதான் பயம். பேட்டரிக்கு வெறும் ஈரக்காற்றே போதும். உள்ளே ஊற்றும் திரவத்தில் ஃப்ளோரின் கலந்த ஒரு லித்தியம் உப்பு இருக்கிறது. துளி ஈரம் பட்டாலும் அது ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தைக் கக்கும். கண்ணாடியையே அரிக்கும் அமிலம் அது. பிறகு அந்த செல் உள்ளேயிருந்தே உளுத்துப்போகும்.

அதனால் செல்லைக் கோத்துத் திரவம் ஊற்றுவதெல்லாம் 'உலர் அறை'க்குள் நடக்கிறது. சென்னைக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 20 கிராம் நீராவி சர்வசாதாரணம். உலர் அறையில் 0.2 கிராம்கூட இருக்கக் கூடாது. சஹாரா பாலைவனமே இதோடு ஒப்பிட்டால் சதுப்பு நிலம்! அங்கே வேலை பார்க்கும் மனிதர்தான் பெரிய தொல்லை. ஒருவர் மூச்சாலும் வேர்வையாலும் மணிக்கு அரை டம்ளர் தண்ணீரைக் காற்றில் கலக்கிறார். அதனால் உள்ளே எத்தனை பேர் போகலாம் என்பதற்கே கணக்கு உண்டு. அந்த ஈரத்தை எடுக்க, சிலிக்கா ஜெல் பூசிய ராட்சதச் சக்கரம் ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் ஈரத்தைக் குடிக்கும். மறுபக்கம் 130, 140 டிகிரி சூட்டுக்காற்றை ஊதி அதைக் கக்கவைப்பார்கள். புது மொபைல் டப்பாவில் வருகிற அந்தச் சின்னப் பொட்டலம்தான், யானை அளவில்.

இந்தச் சக்கரம் நாளைக்கு நூறு செல் செய்தாலும் சுற்றும், லட்சம் செல் செய்தாலும் சுற்றும். செல் கூடக் கூட, ஒவ்வொன்றின் தலையிலும் விழும் கரியமில வாயுப் பங்கு குறையும். ஃபார்வர்டின் குட்டு உடைவது இங்கேதான். ஸ்வீடனின் ஐவிஎல் ஆய்வு நிறுவனம் 2017-ல், ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 150 முதல் 200 கிலோ கரியமில வாயு என்று சொன்னது. தொழிற்சாலைகள் பெருத்து முழுவீச்சில் ஓடத் தொடங்கியபின், 2019-ல் அதே நிறுவனம் 61 முதல் 106 என்று திருத்திக்கொண்டது. திருத்தத்தை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

மூன்று டன்னை 55 கிராமால் வகுத்தால் சுமார் 55,000 கிலோமீட்டர். அதுவரை கடன் அடைகிறது, அதற்குப் பிறகுதான் லாபம். 2021-ல் ஐசிசிடி என்கிற சர்வதேசப் போக்குவரத்து ஆய்வு அமைப்பு செய்த ஒப்பீட்டின்படி, மொத்த ஆயுளையும் பார்த்தால் இந்தியாவில் மின்சார காரின் உமிழ்வு 19 முதல் 34 சதவீதம்தான் குறைவு. ஐரோப்பாவில் 66 முதல் 69. காரில் வித்தியாசமில்லை, கரண்டில்தான். இப்படி நம் ஊர்க் கணக்கையும் வெளியார் போட்டுக் கொடுக்க வேண்டியிருப்பது எனக்கு உறுத்தல். 1948-லேயே அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகம் வரக் காரணமாயிருந்த காரைக்குடி நம்மிடம் இருக்கிறது. வண்டிக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு துளியை அளவெடுக்கும் வேலைக்கும் கொடுத்தால் என்ன?

இனி நெய்வேலிக்கு. பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் போகும். அதை மட்டுமே குடிக்கிற கார் என்றால் வாசகர் சொல்வது சரி: 55 கிராம் லாபம் கரைந்துவிடும், கடன் அடையவே அடையாது. ஆனால் அனல் நிலையத்துக்குப் பக்கத்து வீடானாலும் பிளக்கில் வருவது பொதுக் குளத்துத் தண்ணீர். அதில் கல்பாக்கமும் கலந்திருக்கிறது, ஆடி மாதத்தில் முப்பந்தல் காற்றாலைகளும் கலந்திருக்கின்றன. ராத்திரி பத்து மணிக்கு சார்ஜ் போட்டால் பெரும்பாலும் நிலக்கரி; மத்தியானம் போட்டால் சூரியனின் பங்கு ஏறும்.

கடைசியாக, அவர் எழுதியிருந்த ஒரு விவரம். கையில் ஓடுகிற பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறதாம், மாதம் 300 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறாராம். 55,000-ஐத் தொட அவருக்குப் பதினைந்து வருஷம் ஆகும். இருக்கிற காரைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கினால் அதன் இரும்பும் கடனில் ஏறும். சார், நீங்கள் பழைய காரையே ஓட்டுங்கள். மாதம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற உங்கள் தெரு டாக்ஸிக்காரரிடம் இந்தக் கட்டுரையைக் கொடுங்கள்.